கூலண்டு குடித்த பேயும் கோடாங்கியும்

சாத்தூர் வட்டாரத்தில் வண்டியோடு பேசுகிற மெக்கானிக்குகள் பல பேர் உண்டு. வண்டி பதில் சொல்லும்வரை காத்திருப்பவர் கோடாங்கி ஒருவர்தான். பேயோட்டுகிறவர் உடுக்கை அடிப்பதுபோலப் பானெட்டை விரல் முட்டியால் தட்டிக் காது வைப்பார். அதனால் வந்த பெயர்.

நிறைமாதமாக இருந்த என் மகளைப் பிரசவத்துக்கு அருப்புக்கோட்டையிலிருந்து அழைத்துவர வேண்டிய வாரம். அப்போது பார்த்து என் பழைய காரில் எஞ்சினைக் குளிரவைக்கிற கூலண்டு வற்றத் தொடங்கியது. சாயங்காலம் நிறைய ஊற்றினால் காலையில் பாதிதான் இருக்கும். அடியில் குனிந்து பார்த்தால், மஞ்சள் தண்ணீர் தெளித்த வாசல் சுத்தமாக இருந்தது. நடுவழியில் எஞ்சின் கொதித்து நின்றால் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? இருக்கன்குடி மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்துவிட்டு, மனைவியோடு கோடாங்கியிடம் போனேன்.

அவர் கொட்டகையில் யாரும் மூச்சு விடக்கூடாது. இருமிய ஒருவரை வெளியே அனுப்பினார். ரேடியேட்டர் வாயில் அழுத்தம் காட்டும் முள் வைத்த ஒரு காற்றுப் பம்பை மாட்டி அடித்து, அந்த முள்ளையே கால் மணி நேரம் கண் இமைக்காமல் பார்த்தார். முள் இறங்கவில்லை, அதாவது சூட்டில் எங்கேயும் கசிவு இல்லை. சூடாக இருந்த பானெட்டில் நெற்றியை வைத்து, "எங்கன போற?" என்று மெதுவாகக் கேட்டார். உள்ளே 'டக்' என்று ஏதோ சத்தம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கோடாங்கி என் மனைவி பக்கம் திரும்பினார். "வாசத் தெளிக்கிறது யாரு தாயி?"

அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "பத்து நாளா விடியக் கோலம் போட வந்தா, கார் மூக்குக்குக் கீள பச்சப்பச்சையாச் சொட்டிக் கெடக்குண்ணே. எவளோ செய்வினை வச்சுட்டா. இவுக பயந்துருவாகன்னு மஞ்சத்தண்ணி ஊத்திக் களுவிட்டேன்."

"அதுதான் தாயி கூலண்டு."

சூட்டில் இறுகி நிற்கிற ரப்பர் ஹோஸ், ஆறும்போது சுருங்கி, கிளிப் ஓரமாகச் சொட்டுமாம். எஞ்சின் ஆறும்வரை உட்கார்ந்திருந்து அந்தப் பச்சைச் சொட்டைக் காட்டினார். பிறகு ஹோஸையும் கிளிப்பையும் மாற்றிக் கொடுத்து, மகளை என்றைக்கு அழைத்துவரப் போகிறோம் என்று விசாரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் மகளோடு திரும்பினோம். ரோட்டில் ஈ காக்கை இல்லை. கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தேன். கானல் நடுவே பைக்கில் ஒரு உருவம் வந்தது. அதற்குத் தலை இல்லை.

வேகத்தைக் குறைத்தேன், அதுவும் குறைத்தது. நிறுத்தினேன், அதுவும் நின்றது. மனைவி மகள் நெற்றியில் அள்ளித் திருநீறு பூசினாள். நான் "மாரியாத்தா" என்றபடி இறங்கிப் போனேன்.

கண்ணை மட்டும் விட்டுத் தலையை மூடியிருந்த, கானலோடு கரைந்துபோன வெள்ளை ஈரத்துண்டை அந்த உருவம் விலக்கினால், கோடாங்கி. பைக்கின் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன். ஏன் இப்படிப் பின்னாலேயே வருகிறார் என்று கேட்டேன்.

"என் வேலையில எனக்கே முளு நம்பிக்கை வராது அண்ணாச்சி. உள்ள ரெண்டு உசுரு வருதுல்ல. நீங்க போங்க."

அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை அந்தத் தலையில்லாத உருவம் பின்னால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். கண்ணாடியில் அது தெரியும்போதெல்லாம் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.