யோகேஸ்வரன் கைவைத்த பிரவுசர்

செட்டிங்ஸ் பிரியர் என்றொரு இனம் நம் மலையில் உண்டு, தெரியுமோ உங்களுக்கு? வலைப்பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே நின்றால் நீங்களும் நானும் கொஞ்சம் பொறுப்போம். இவர்களோ அதற்குள் மூலையிலிருக்கும் மூன்று கோடுகளை அமுக்கி, செட்டிங்ஸுக்குள் புகுந்து, பெயர் தெரியாத எதையோ அணைத்து, இன்னொன்றை ஏற்றிவிட்டு, "இப்ப பாருங்க" என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். திரையில் எழுதியிருப்பதை மட்டும் படிக்கமாட்டார்கள். அது கௌரவக் குறைச்சல்.

எங்கள் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வாய்த்தவர் யோகேஸ்வரன். ஹட்டனில் ஒரு பாடசாலையின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறவர். அங்கே பிரவுசரின் நெட்வர்க் செட்டிங்ஸில், புரொக்சி என்ற இடத்தில் ஓர் இலக்கம் போட்டால்தான் இணையம் வரும். மனுசன் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார். அந்தப் பாடசாலைக்கு வெளியே அது செல்லாது என்று அவருக்கு யார் சொல்வது?

போன வெள்ளி அடைமழை. பக்கத்து வீட்டு டோரீனின் கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று நாலு மணியோடு கெடு முடிகிறது. தவறினால் தேயிலைக் கொழுந்து பறிக்கத்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். அவள் மடிக்கணினியில் விண்ணப்பப் பக்கம் ஊர்ந்தாவது வந்துகொண்டிருந்தது. பாவி மகள், "யோகு அண்ணே, கொஞ்சம் ஸ்லோவா இருக்கு" என்று வாய்விட்டுவிட்டாள்.

"கொண்டா பாப்பம். யாரு இதுல கைய வச்சது?" மடிக்கணினியை இழுத்து இலக்கத்தைப் போட்டார். ஊர்ந்துகொண்டிருந்த பக்கமும் நின்றுபோனது.

"அண்ணே, ஒண்ணுமே வரமாட்டேங்குது."

"புடிக்க நேரமெடுக்கும்மா. ஒரு டீ குடிச்சிட்டுப் பாப்பம்."

மூன்றே முக்கால். அவர் இரண்டாவது கோப்பையோடு தன் கணினி அறைப் பெருமைகளை அளந்துகொண்டிருக்க, டோரீன் திரையைப் படித்தாள். புரொக்சி பதிலளிக்கவில்லை என்று பளிச்சென்று எழுதியிருந்தது. அதே இடத்துக்குப் போய் 'புரொக்சி வேண்டாம்' என்பதைத் தெரிவு செய்தாள். பக்கம் பழையபடி ஊரத் தொடங்கியது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பிள்ளை அழுதேவிட்டது.

"பாத்தீங்களா? புடிக்க நேரமெடுக்கும்னு சொன்னேன்ல" என்றார் யோகேஸ்வரன், எங்கள் எல்லாருக்குமாக.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனால் போன வாரம் மச்சானின் போனை வாங்கி ஏதோ திருத்திக் கொடுத்தீர்களே, அது இப்போது வேலை செய்கிறதா? ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நேரில் போய்க் கேட்பது நல்லது.