என் முன்னுரையை நானே கிழித்த கதை

கடினமான தத்துவ நூலுக்கு முன்னுரை எழுத ஏற்ற வயது இருபத்து மூன்று. அதற்குமேல் புத்தகம் கொஞ்சம் புரிந்துபோய், கை ஓடாது.

நான் சரியாக அந்த வயதில் எழுதினேன். வெள்ளைக்காரன் ஆட்சி, கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. மலைமேல் வளப்பூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் வாத்தியாராக இருந்துகொண்டு, ஒரு ஜெர்மானியத் தத்துவஞானியைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தி, முன்னுரை என்ற பேரில் சின்னப் புத்தகம் போட்டேன். (தமிழர்கள் கேட்கவில்லை.) கல்யாணமான புதிதில் அதை என் மனைவி பொன்னம்மாளுக்கு வரிவரியாக வாசித்தும் காட்டினேன். பாவம், சட்டென்று ஓடிப்போக முடியாத மலை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, சேலத்துப் பதிப்பாளர் ஒருவர் மூச்சிரைக்க மலையேறி வந்தார். அந்த ஞானியின் மூல நூலையே தமிழில் கொண்டுவரப் போகிறாராம். மொழிபெயர்க்க ஆள் தேடுகிறாராம். அந்த வேலைக்காகத்தான் அத்தனை வருஷமும் அந்த நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தவருக்குப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தபோது என் கையெல்லாம் பிசின்.

"நானே படிக்கறனுங்க. சரியான்னு சொல்லுங்க" என்று வாசித்தார்: "ஆகவே இவ்வுலகம் முழுதும் வெறுங்கனவே என்பது ஞானியின் முடிபாம்."

"தப்புங்க," என்றேன். "நமக்குத் தெரியற விதமாத்தான் உலகம் தெரியும்னார். தெரியறதெல்லாம் கனவுன்னு எங்கீங்க சொன்னார்?"

பொன்னம்மாள் கதவோரம் நின்று கண்ணைக் காட்டினாள். "ஏனுங்க, பேசுனது போதும், பழத்தைப் பாருங்க."

"நீ சும்மா இரு கண்ணு. இதை எழுதுன ஆளு மூலத்தைத் தொட்டே பாத்திருக்க மாட்டானுங்க. முழு மடையன். இதைப் படிச்சவங்களை நெனச்சாப் பாவமா இருக்குது."

"அப்பறம் நான் பாவமில்லீங்களா?" என்றாள். "மூணு தரம் கேட்டவ நானு."

பதிப்பாளர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். என் பெயர். வேலை போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் சிரித்தார். "இந்த ஞானிக்கு முன்னுரை எழுதுன மூணு பேருகிட்டயும் அவங்கவங்க எழுதுனதையே படிச்சுக் காட்டுனனுங்க. ரெண்டு பேரு, ஒரு எழுத்து மாத்த வேண்டாம்னுட்டாங்க. நீங்க ஒருத்தருதான் அதுக்கப்பறமும் படிச்சிருக்கறீங்க. வேலை உங்களுக்குத்தானுங்க."

பிசினோடேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். (பிரிக்க விளக்கெண்ணெய் தேவைப்பட்டது.) அன்று கொல்லிமலையில் என்னைவிட உயரமான ஆள் யாருமில்லை.

மொழிபெயர்ப்பு வந்தது, என் புது முன்னுரையோடு. மெச்சாதவர் இல்லை. ஆனாலும் நான் வீட்டில் எதையாவது அடித்துப் பேசினால், பொன்னம்மாள் முதல் பேத்தி வரை இன்றும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்:

"இது எத்தனை வருசத்துக்குங்க தாங்கும்?"