தலைச்சன் நோன்பும் கடைசிப் பத்தியும்

ஒரு வீட்டில் கேள்வி கேட்கும் ஆள் ஒருவர் போதும், அந்த ஒருவர் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று நிசிம் தீர்மானித்தான். தீர்மானித்ததோடு விட்டானா? அதை ஜெபக்கூட நிர்வாகக் குழுவின் தீர்மானமாகவே நிறைவேற்றிவிட்டான்.

சிலியின் தெற்கே, வருஷத்தில் பாதி நாள் மழையும் மீதி நாள் தூறலுமாக இருக்கும் எங்கள் ஊரில் யூதக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனாலும் ஜெபக்கூடத்துப் பின்னறையில் படிப்புக்குக் குறைவில்லை. ஞாயிறு காலை குழந்தைகளுக்கு எபிரேய எழுத்து. செவ்வாய் மாலை பெரியவர்களுக்கு, பழைய யூத ரபிகளின் சட்ட வாதங்களைத் தொகுத்த தல்மூத். பெரியவர்கள் என்றால் பெண்கள். ஆண்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே! மொத்தம் ஒன்பது பேர். நிசிமின் மனைவி எஸ்ட்ரெயாதான் அதில் முன்னணி.

வகுப்புக்குப் போவதற்கு முன்பு எஸ்ட்ரெயா சாதுவாக இருந்தாள் என்பது நிசிமின் கட்சி. அதற்குச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. இப்போதோ, சூப்பில் உப்பு கூட என்று ஒரு வார்த்தை வாய்திறந்து சொல்ல முடியாது.

"எதைவிடக் கூட?"

"போன வாரத்தைவிட."

"போன வாரம் உப்பே இல்லைன்னீங்க. இல்லாததைவிடக் கூடன்னா, சரியா இருக்குன்னு அர்த்தம். வேற என்ன அர்த்தம்?"

சூப் ஆறிப்போகும். செவ்வாய்க்கிழமையானால் அந்த ஆறின சூப்பும் கிடையாது. அலமாரியில் ரொட்டி இருக்கும், பக்கத்தில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி இருக்கும், எஸ்ட்ரெயா இருக்கமாட்டாள்.

ஆகவே நிர்வாகக் குழுவில் நிசிம் எழுந்து நின்றான். பத்துப் பேருக்குக் குறைவான எந்த வகுப்புக்கும், எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பெசாஹ் பண்டிகைக்குப் பிறகு பின்னறையில் அடுப்பு மூட்டக்கூடாது என்றான். எங்கள் ஊர்க் குளிரில் அடுப்பில்லாத அறையும் பூட்டிய அறையும் ஒன்றுதான். குழந்தைகள் கூட்டமாக இருந்ததால் பிழைத்தார்கள். பெண்கள் மாட்டினார்கள். கேட்டால் விறகு மிச்சமாம். விறகு! வியாழக்கிழமை நாலு ஆண்கள் அங்கே சீட்டாடும்போது அதே அடுப்பு மழைத்தண்ணீரிலா எரிகிறது? இதைக் குழுவில் யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அந்த நாலு பேர்தான் குழு.

பத்தாவது ஆளைத் தேடி எஸ்ட்ரெயா வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருத்திக்குக் கைக்குழந்தை, இன்னொருத்திக்குக் கணவன். ஒருவரும் சிக்கவில்லை. அதற்குள் பண்டிகைக்கு முந்தின நாளும் வந்துவிட்டது.

அந்த நாளில் நிசிமுக்கு வருஷா வருஷம் ஒரு கண்டம் உண்டு. அவன் தலைச்சன் பிள்ளை. எகிப்தில் தலைச்சன்கள் எல்லாம் மடிந்த இரவில் யூதத் தலைச்சன்கள் மட்டும் தப்பினார்கள். அந்த நினைவாகப் பண்டிகைக்கு முந்தின பகல் முழுக்கத் தலைச்சன் ஆண்கள் பட்டினி கிடக்க வேண்டும். ஆனால் தப்பிக்க ஒரு சந்து உண்டு. யாராவது தல்மூதில் ஒரு பாகத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தால் அது விருந்துக்குரிய விஷயம். அந்த விருந்தில் கூட இருப்பவனுக்கு நோன்பு இல்லை. கிழவர் ஹாகோபோ ஆண்டுதோறும் அன்று காலை ஜெபம் முடிந்ததும் ஒரு பாகத்தை முடிப்பார். நிசிம் ஒரு வார்த்தையும் காதில் வாங்காமல் கேக்கை முடிப்பான்.

இந்த வருஷம் ஹாகோபோ தலைநகர் சாந்தியாகோவில் மகள் வீட்டில் இருந்தார்.

விஷயம் தெரிந்ததும் நிசிம் மழையில் வீட்டுக்கு ஓடினான். அடுப்படி பண்டிகைக்காகக் கழுவித் துடைத்துக் கிடந்தது. புளித்த மாவுப் பண்டம் ஒரு துணுக்குகூட உள்ளே நுழையக்கூடாது. மிச்சமிருந்ததெல்லாம் கொல்லைப்புற விறகுக் கொட்டகைக்குக் குடிபோயிருந்தது. அங்கே ஒரு கட்டைமேல் உட்கார்ந்துகொண்டு எஸ்ட்ரெயா எள் தூவிய பிஸ்கோச்சோ வளையத்தைத் தேநீரில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கு. நோன்புதான் இல்ல. நான் ரெண்டாவதாப் பொறந்தவ."

நிசிம் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்தான். மறுபடி நடந்தான். முற்பகலோடு புளித்த பண்டத்துக்குக் கெடு. ராத்திரி விருந்திலோ, எகிப்துக் கதையை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் தட்டு வரும். வயிறு இப்போதே எகிப்தை விட்டுக் கிளம்பத் தயாராக இருந்தது.

"இந்த ஊர்ல ஒருத்தர்கூடவா எதையும் படிச்சு முடிக்கல?"

"நாங்க ஒரு பாகம் முடிக்கப்போறோம். ஒரு பத்திதான் பாக்கி."

நிசிம் நின்றுவிட்டான்.

"அப்ப முடி! இப்பவே முடி!"

"பொம்பளைங்க படிக்கிறது கணக்குல வராதுன்னு குழுவுல பேசினது யாரு?"

"நானா? நான் சொன்னது ஆள் கணக்கு. படிப்பு வேற, ஆள் கணக்கு வேற."

"அப்ப எங்க படிப்பு செல்லும்?"

"பேஷா செல்லும்! படிச்சா படிச்சதுதானே? அதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? மூளைக்கு மீசையா இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து பெண் கல்விக்காக அவன் பேசிய முதல் பேச்சு அது. பேசியது வயிறுதான். இருக்கட்டுமே, பேச்சு பேச்சுதான்.

எஸ்ட்ரெயா தேநீரைக் கீழே வைத்தாள். "தனியா முடிக்க முடியாது. எல்லாரும் வரணும். தோன் எலியாஸையும் கூப்பிடுங்க, பாவம், அவரும் தலைச்சன்தானே."

தோன் எலியாஸ் மருந்துக்கடைக்காரர், நிர்வாகக் குழுவின் தலைவர். நிசிமுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பத்தி முடிந்தால் பாகம் முடிந்தது, பாகம் முடிந்தால் வகுப்பும் முடிந்தது. முடிந்துபோன வகுப்பை மூடினால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? குடையைக்கூட எடுக்காமல் ஓடி, எல்லார் வீட்டுக் கதவையும் அவனே தட்டினான்.

மற்ற எட்டுப் பெண்களும் கொட்டகைக்கு வந்தார்கள். அவர்களில் பக்கத்து வீட்டு மத்தில்தே தட்டு நிறையப் பிஸ்கோச்சோவோடு வந்தாள். ஏதோ முன்கூட்டியே சுட்டு வைத்ததுபோல அது இன்னும் சூடாக இருந்தது. நிசிம் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை.

எஸ்ட்ரெயா பத்தியைப் படித்தாள். தகரக் கூரைமேல் மழை அடித்தது.

"எனக்கு இதுல ஒரு சந்தேகம்" என்றாள் மத்தில்தே.

"சந்தேகமே இல்ல, மேல போங்க!" என்றான் நிசிம்.

"இதுக்கு ரெண்டு விளக்கம் இருக்கு."

"ஒண்ணு போதும்!"

"எந்த ஒண்ணு? அது தெரியத்தானே ரெண்டும் பார்க்கணும்?"

ரெண்டும் பார்த்தார்கள். மூன்றாவதாக ஒன்றும் கிடைத்தது. நிசிம் விறகுக் கட்டையில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். தோன் எலியாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒருவழியாக எஸ்ட்ரெயா கடைசி வரியில் விரலை வைத்து, "முடிஞ்சது" என்றாள்.

நிசிமின் கை தட்டுக்குப் பாய்ந்தது. மத்தில்தே தட்டை இழுத்துக்கொண்டாள்.

"இருங்க நிசிம்! ஹத்ரான் சொல்ல வேண்டாமா? மூணு தடவை. கூடச் சேர்ந்து சொன்னாத்தான் விருந்தாளி. சும்மா நின்னா மழைக்கு ஒதுங்கினவர்."

பாகம் முடிந்தால் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பழைய அரமேய வாசகம் அது. வருஷா வருஷம் நிசிம் அதைக் கேக்கைப் பார்த்தபடி முணுமுணுப்பான். இன்று கொட்டகை அதிரச் சொன்னான். ஒரு தடவை. ரெண்டு தடவை. மூன்றாவது தடவை தோன் எலியாஸின் குரலையே அமுக்கிவிட்டான். சொன்ன வாய் மூடுவதற்குள் பிஸ்கோச்சோ உள்ளே போயிற்று. ஆஹா!

"தோன் எலியாஸ், எங்க வீட்டுக்காரர் இப்ப என்ன சொன்னார்னு கேட்டீங்கல்ல?" என்றாள் எஸ்ட்ரெயா.

"தெருமுனை வரைக்கும் கேட்டிருக்குமே அம்மா."

"'உன்கிட்ட நாங்க திரும்பி வருவோம், நீயும் எங்ககிட்ட திரும்பி வா'ன்னு இந்தப் படிப்பைப் பார்த்துச் சொன்னார். மூணு தடவை. அடுத்த பாகம் பண்டிகை முடிஞ்சதும் தொடங்குது."

"இவரோட வகுப்புல பத்து ஆச்சு" என்றாள் மத்தில்தே.

தோன் எலியாஸ் மெல்லுவதை நிறுத்தினார். அவரும்தான் சொல்லியிருந்தார்.

"பதினொண்ணு" என்று அவர் கையில் இன்னொரு வளையத்தை வைத்தாள் மத்தில்தே.

"அநியாயம்!" நிசிம் எழுந்தான். "அது சும்மா, வழக்கத்துக்குச் சொல்றது!"

"சரி, சும்மா சொன்னதுன்னே வெச்சுக்குவோம்" என்றாள் எஸ்ட்ரெயா. "அப்ப பாகம் முடிஞ்சதும் சும்மா. விருந்தும் சும்மா. நோன்பு அப்படியே நிக்குது. கையில இருக்கிறதைக் கீழ வைங்க."

நிசிம் கையைப் பார்த்தான். பாதி வளையம்தான் இருந்தது. மீதிப் பாதி எங்கே என்று சபைக்கே தெரியும்.

"எஸ்ட்ரெயா, சத்தியமா அர்த்தம் தெரியாமச் சொல்லிட்டேன்!"

"அர்த்தம் தெரியாதவங்களுக்குத்தான் வகுப்பு."