டைம்டேபிள் அண்ணாச்சியின் ஆறு வாரத் திட்டம்

தில்லியில் திட்டம் போடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அதற்கென்றே கட்டடம் கட்டடமாக ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒரு தட்டிலும் எங்கள் டைம்டேபிள் அண்ணாச்சியை மறு தட்டிலும் வைத்து நிறுத்தால், அண்ணாச்சியின் தட்டுதான் தரையைத் தொடும். அவர் போட்ட திட்டம் ஒன்றுகூட எழுதியபடி நடந்ததில்லை என்பது வேறு விஷயம்.

லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்வீடு அவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஏதோ ஒரு அமைச்சகத்தில் கூட்டங்களுக்கு நாள் குறிக்கிற வேலை. அவர் நாள் குறிப்பார், கூட்டம் தள்ளிப்போகும், தள்ளிப்போன கூட்டத்துக்கு மறுபடி நாள் குறிப்பார். இருபது வருடம் இப்படியே ஓட்டியவருக்கு வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது.

“எங்க வீட்டுல தோசைக்கும் நேரம் எழுதி ஒட்டியிருக்காவ,” என்பார் அவர் மனைவி கனி அக்கா. “மாவு புளிக்கலன்னா கோவப்பட மாட்டாவ. அதுக்குக் கீழ ‘திருத்தம் ஒண்ணு: உப்புமா’ன்னு எழுதிப்போட்டு சாப்பிட உக்காந்துருவாவ.”

மூன்று வருடத்துக்கு முந்தைய கோடை அது. விடுமுறைக்குத் திருச்சி போவதாக இருந்தோம். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. கடைசி நேரத்தில் என் அலுவலகத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். என் ஒன்பது வயது மகன் ஆதி அரைமணி நேரம் அழுதுவிட்டு மாம்பழம் தின்னப் போய்விட்டான். பதினைந்து வயது மகள் காவ்யா அழவில்லை. ‘வருஷா வருஷம் இதே கதைதான் மம்மி’ என்று இந்தியில் ஒரு வரி சொல்லிவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருவாள். கேட்டதற்கு “ஹாம்”, “நஹி” என்று ஆமாம், இல்லை இரண்டே பதில். மூன்று நாள் அதே நிலை. எனக்கு ஆபீஸில் கை ஓடவில்லை.

கடைசியில் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். எங்கள் பிளாக்கில் இப்படி ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட பிள்ளைகள் பன்னிரண்டு பேர் தேறினார்கள்.

“கவலைய விடுங்கம்மா,” என்றார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “ஆறு வாரம். பன்னெண்டு பிள்ளைங்க. நாளைக்குச் சாயங்காலம் சார்ட்டு ஒட்டிருதேன்.”

சொன்னபடி மாடிப்படிக்குக் கீழே மஞ்சள் சார்ட் ஒன்று வந்தது. நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனா. திங்கள் நீச்சல், செவ்வாய் தமிழ், புதன் கைவேலை, ஞாயிறு மியூசியம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தார். கடைசி வரிசையில் மட்டும் பென்சிலில் ஒரு குறிப்பு: ‘பதின்ம வயதினர் – மனநிலையைப் பொறுத்து’.

“இது என்ன அண்ணாச்சி?”

“காவ்யாவத்தான் எழுதியிருக்கேன். அந்த வயசுப் பிள்ளைக்கு எதையும் பேனாவுல எழுதப்பிடாதும்மா. அழிக்க வழி வேணும்லா?”

முதல் நாள் நீச்சல். பன்னிரண்டில் காவ்யா போக மீதிப் பதினோரு பேரும் துண்டும் கண்ணாடியுமாக வரிசையில் போனார்கள். குளத்து வாசலில் இருந்த காவலாளி, “பானி நஹி ஹை” என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார். தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தைப் பிள்ளைகள் வேலி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஆதி அன்று முழுக்க நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமல் வீட்டுக்குள் திரிந்தான்.

திருத்தம் ஒன்று: நீச்சலுக்குப் பதில் கிரிக்கெட். மறுநாளே வெயில் எச்சரிக்கை வந்தது. பகலில் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்றார்கள். திருத்தம் இரண்டு: கிரிக்கெட் காலை ஐந்தரை மணிக்கு. ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்தது அண்ணாச்சி ஒருவர்தான். அந்தப் பக்கமாகப் போன பால்கார பையா பரிதாபப்பட்டு அவருக்கு இரண்டு ஓவர் பந்து போட்டுவிட்டுப் போனாராம்.

மியூசியம் இன்னும் மோசம். ஞாயிறு கூட்டமாக இருக்கும் என்று திருத்தம் நான்கில் அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றி, ஆபீஸுக்கு லீவும் போட்டார். திங்கள் அங்கே விடுமுறை. பதினோரு பேரும் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். அண்ணாச்சி ஒரு நிமிடம் பூட்டைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அச்சா. எல்லாரும் இந்த கேட்ட நல்லாப் பாத்துக்கிடுங்க.”

“அங்கிள், இது எந்தக் காலத்து கேட்?” என்று ஆதி கேட்டிருக்கிறான்.

“இந்தக் காலத்து கேட்டுதாம்ல. ஆனா பூட்டு பழசு.”

அந்தக் கேட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினாராம். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

இதற்கிடையில் ஒரு வேலையை மட்டும் அவர் தள்ளிப்போடவே இல்லை. தினமும் ஆபீஸ் போகுமுன் எங்கள் வீட்டுக்கு மாடியேறி வருவார். காவ்யாவின் அறைக் கதவுக்கு வெளியே நிமிர்ந்து நின்று, அரசாங்க அறிவிப்பு வாசிப்பதுபோலச் சொல்வார்.

“மக்கா காவ்யா, தகவலுக்காகச் சொல்லுதேன். இன்னைக்குக் கைவேலை கிடையாது. சொல்லிக்குடுக்க வாரேன்னவங்க ஊருக்குப் போயிட்டாவ. நாளைக்கு என்னங்கத நாளைக்குச் சொல்லுதேன்.”

உள்ளேயிருந்து சத்தமே வராது. “அச்சா,” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இறங்கிப்போவார். ‘விடுங்க அண்ணாச்சி’ என்று நான் சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும்மா. சர்க்குலர்னா எல்லாருக்கும் போகணும்லா,” என்றுவிட்டார்.

மியூசியத்துக்கு மறுநாள் காலை அறிவிப்பு பாதியில் இருக்கும்போதே கதவு படாரென்று திறந்தது.

“அங்கிள்! திங்கட்கிழமை மியூசியம் பந்த்னு கூகுள்ல போட்டாலே வருமே! ஒரு தடவ செக் பண்ண மாட்டீங்களா, யார்?”

பெரியவரைக் கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல இந்தியில் ‘யார்’ என்கிறாளே என்று நான் பதறினேன். அண்ணாச்சி பதறவில்லை.

“கூகுள்ல எங்க போடணும் மக்கா?”

அந்தக் கேள்வி நிஜமா நடிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர். ஆனால் காவ்யா தலையில் அடித்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு அவர் பின்னாலேயே கீழே இறங்கிப் போனாள். பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவள் படியிறங்கியதைப் பார்த்து நான் சமையலறையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே சார்ட் கை மாறியது. காவ்யா பிள்ளைகளை உட்கார வைத்து அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அதுவரை யாருக்கும், அண்ணாச்சி உட்பட, அது தோன்றவில்லை. நாடகம் போட வேண்டும் என்றார்கள். என்ன நாடகம்? கேட்டைப் பார்த்த கதை. அண்ணாச்சி வேஷம் ஆதிக்கு.

கேலி செய்யப்படப்போகிற மனிதரே வசனம் எழுத உட்கார்ந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டத் தெரியாது. அதனால் தமிழ் வசனத்தையெல்லாம் இந்தி எழுத்தில் எழுதிக்கொடுத்தார். எங்கள் வீட்டுக் கூலருக்கு முன்னால் ஒத்திகை. ஆதி மையால் மீசை வரைந்துகொண்டு, “நாளைக்குச் சொல்றேன்,” என்பான். அண்ணாச்சி குறுக்கிடுவார்.

“ஏல, நான் ‘சொல்றேன்’னா சொல்லுவேன்? ‘சொல்லுதேன்’னுல்லா சொல்லுவேன்? என்னக் கிண்டல் பண்ணுதது பெருசில்ல, ஒழுங்காப் பண்ணணும்.”

ஆறாவது வாரம் சனிக்கிழமை மாலை, பூங்காவில் ஷாமியானா கட்டி, நாற்காலி போட்டாகிவிட்டது. நாடகம் ஆரம்பிக்கக் கால்மணி நேரம் இருக்கும்போது வானம் மஞ்சளாகி, ஆந்தி அடித்தது. தில்லிப் புழுதிக் காற்று என்றால் சும்மா இல்லை. ஷாமியானா பக்கத்துப் பிளாக் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கரண்டும் போய்விட்டது. எல்லோரும் எங்கள் மாடிப்படிக்கு ஓடிவந்து ஒதுங்கினோம். மை மீசை கன்னத்தில் வழிய ஆதி அழ ஆரம்பித்தான்.

அண்ணாச்சியின் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது. பிறகு அதை விட்டுவிட்டு, காவ்யாவைப் பார்த்தார்.

“இந்தப் படியிலேயே பண்ணிடலாம் அங்கிள்,” என்றாள் அவள். “எல்லாரும் மேல் படியில உக்காருங்க. போன் டார்ச் ஆன் பண்ணுங்க. ஜல்தி!”

நாங்கள் படிப்படியாக உட்கார்ந்தோம். கீழே முதல் திருப்பத்தில் நாடகம். “எல்லாரும் இந்த கேட்ட நல்லாப் பாத்துக்கிடுங்க,” என்று ஆதி சொன்னதும் நான்கு மாடியும் அதிர்ந்தது. அதிகமாகச் சிரித்தது அண்ணாச்சிதான்.

என் பக்கத்தில் கனி அக்காவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் வந்த கண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

“அவியளுக்குப் போபாலுக்கு மாத்தலாயிட்டு,” என்றார் மெல்ல. “ஆர்டர் வந்து மூணு வாரமாச்சு. பிள்ளைங்க நாடகம் முடியட்டும்னு அவகாசம் கேட்டு எழுதிக்குடுத்தாவ. நாளான்னைக்குப் புறப்படுதோம்.”

“பிள்ளைங்ககிட்ட சொல்லவே இல்லையே அக்கா!”

“சொன்னா நாடகத்துல சிரிக்க மாட்டாவளாம்.”

திங்கட்கிழமை காலை சாமான் ஏற்ற லாரி பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டு பிள்ளைகளும் ஒன்பதரைக்கே கீழே வந்து, கட்டி வைத்த பெட்டிகள்மேல் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். பத்தாயிற்று, பதினொன்றாயிற்று, லாரி வரவில்லை. டிரைவருக்குப் போன் போட்டால் எங்கோ மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பன்னிரண்டு மணி வெயிலில் காவ்யா எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ் கலக்கிக் கொண்டுவந்தாள். அண்ணாச்சி பெட்டிமேல் உட்கார்ந்து, போபாலில் அவருக்கு ஒதுக்கிய வீட்டுக்குக் கதவு இருக்கிறதா என்று இன்னும் தகவல் இல்லை என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

லாரி ஒன்றரை மணிக்குத்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம்.