பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார மாட்டேன்

ஆக்லாந்தில் இருந்தபடியே எங்கள் குடும்பத்தைப் போன் வழியாக ஆண்டுவரும் மதிப்புக்குரிய மூத்த அக்கா மசினாவுக்கு, சவாயீ தீவிலிருந்து தம்பி பெசமினோ தலைதாழ்த்தி எழுதுவது. தலை இந்த ஒரு வரியில்தான் தாழ்ந்திருக்கிறது. கீழே போகப் போக நிமிர்ந்துவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே நான், என் வீட்டுக்காரி லோசா, நம் பேத்தி பூவா மூவரும் நலம். பன்றிகளும் நலம், வெள்ளை ஞாயிறு விருந்துக்கு அடித்த ஒன்றைத் தவிர. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மருமகனுக்கு ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் நீங்கள் மூன்றை முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. வியாழக்கிழமை விமானம் ஏறும் பக்கத்து வீட்டு தவிட்டாவிடம் இதையும் கோகோ பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் கடிதத்தைப் படியுங்கள், பிறகு கோகோ குடியுங்கள்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. "டேய் பெசமினோ, மானத்த வாங்கிட்டியேடா! வீடு பூரா வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கோம். எம் பேத்தி வசனம் சொல்ல எந்திரிப்பான்னு பார்த்தா படம் நின்னுபோச்சு. கடைசி வரைக்கும் அந்த தெலேசியா கொட்டாவி விடுறதையே பார்த்துக்கிட்டு இருந்தோம். இது பத்தாதுன்னு கோயிலுக்குள்ள அவளத் திட்டிவேற வச்சிருக்க! பேசாம போய் அவ வாசல்ல பாயப் போர்த்திக்கிட்டு உட்காரு!" என்றீர்கள். ஊர்ச் சபையும் அதையேதான் சொல்லியிருக்கிறது. பாயைப் போர்த்தி மன்னிப்புக் கேட்கும்வரை நம் குடும்பத்துக்காகச் சபையில் நான் வாய் திறக்கக் கூடாதாம். அக்கா, நான் பரம்பரைப் பேச்சாளன். நம் அப்பா கோலை ஊன்றி நின்று பேசிய இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார வேண்டுமாம். சோறு போடாதே என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆனாலும் சொல்கிறேன், உட்கார மாட்டேன். வெட்டுக்குத்து நடந்தால், ஆள் செத்தால், குற்றம் செய்த குடும்பத்தின் தலைவன் விடியற்காலையில் போய், நெய்த பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, எதிர்வீட்டார் வந்து அதை விலக்கி மன்னிக்கும்வரை குனிந்து கிடப்பான். அது நம் ஊர் வழக்கம், அதற்கு நான் கட்டுப்பட்டவன். ஒரு வயருக்காகக் குனிய முடியாது. அதுவும் நான் செருகாத வயருக்காக!

நடந்ததைக் கேளுங்கள். வெள்ளை ஞாயிறன்று பிள்ளைகள் கோயிலில் வசனம் சொல்வதை உங்கள் டிவிக்கு நேரலையாக அனுப்புவது என் பொறுப்பு. போதகர் வீட்டுக் கூரையில்தான் இணையம் பிடிக்கும் டிஷ் தட்டு இருக்கிறது. அவர் வீட்டு அலமாரியில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், கோயிலில் பாடகர் குழுவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் இன்னொன்று. சுவிட்ச் என்றதும் விளக்குப் போடுகிற சுவிட்சை நினைக்காதீர்கள். இது வயர்களைச் செருக வரிசையாக ஓட்டைகளும், ஓட்டைக்கு ஒரு குட்டி விளக்கும் வைத்த கறுப்புப் பெட்டி. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே மண்ணுக்கடியில் நான் வயர் இழுத்தேன். முதல் மழைக்கே பன்றி அதைத் தோண்டிக் கடித்துவிட்டதால், சரிசெய்துவிட்டுத் துணைக்கு இன்னொரு வயரும் போட்டேன். சிவப்பு டேப் சுற்றியது ஓடுகிற வயர். நீல டேப் சுற்றியது சும்மா கிடக்கிற வயர், ஆபத்துக்கு உதவ. தந்தி ஆபீசில் கம்பம் ஏறிப் பிழைத்தவன் அல்லவா நான்? கற்றை வயரைத் தூண்டில் நரம்பால் கட்டுவேனே, அந்த முடிச்சு இந்தத் தீவில் என்னைத் தவிர யாருக்கும் வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

இப்போது முக்கியமானதைக் கவனியுங்கள். சும்மா கிடக்கிற வயரில் ஒரு முனையை மட்டும் செருகினால் ஒன்றும் ஆகாது, செத்த பாம்பாகக் கிடக்கும். இரண்டு முனையையும் செருகினால் வந்தது வினை. சிவப்பு வழியாகப் போகிற சேதி நீலத்தின் வழியாகத் திரும்பி வரும், வந்தது மறுபடியும் போகும். கல்யாண வீட்டில் இரண்டு பேச்சாளர்கள் ஒருவருக்கொருவர் மாறி மாறி வரவேற்புரை சொல்லிக்கொண்டே இருந்தால் பந்தி எப்போது நடக்கும்? அப்படித்தான். பெட்டிகள் தங்களுக்குள்ளேயே கத்திக்கொண்டிருக்கும், வேறு ஒரு சேதியும் நகராது.

சனிக்கிழமை காலை ஒத்திகையில் எல்லாம் கண்ணாடி போல ஓடியது. மத்தியானம் மாதர் குழுவின் சுத்தச் சோதனை. உங்கள் காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பாயையும் பானையையும் மட்டும்தான் பார்ப்பார்கள். இப்போது தெலேசியா தலைவி. நம் வீட்டில் என் லுங்கி கொடியில் கோணலாகத் தொங்கியதற்கே லோசாவிடம் அபராதமாக மீன் டின் வாங்கிக்கொண்டு போனவள். அவள் வருகிறாள் என்றால் கோழிகூட முற்றத்தில் கால் வைக்காது. நானும் பயந்துபோய், போதகர் வீட்டு அலமாரியை அவர்கள் வருமுன்பே ஒழுங்குபடுத்தினேன். போதகரின் மனைவி பின்னிய பூத்துணியைப் பெட்டிமேல் விரித்தேன். தெலேசியாவே குனிந்து பார்த்து, "ஒரு நூல்கூட வெளிய தொங்கலையே! ஆம்பள செஞ்ச வேலையா இது?" என்று பாராட்டினாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் பக்கத்தில் குறை இல்லை என்று அவள் வாயாலேயே சாட்சி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கியதும் படம் போகவில்லை. உங்களிடமிருந்து போன்மேல் போன். நான் போதகர் வீட்டுக்கு ஓடினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன், பயனில்லை. பன்றி மறுபடியும் கடித்திருக்குமோ என்று வயர் போன வழியெல்லாம் வெள்ளை லுங்கியோடு மண்டியிட்டுத் தவழ்ந்து பார்த்தேன். லுங்கி அதோடு போயிற்று, ஆனால் வயருக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வந்து பூத்துணிக்கு அடியில் கைவிட்டு, சிவப்பு வயரைப் பிடுங்கினேன். உடனே என் போனில் படம் ஓட ஆரம்பித்தது! செருகினேன், செத்தது. பிடுங்கினேன், பிழைத்தது. கோயிலுக்குப் போகிற வயரைப் பிடுங்கிய பிறகு கோயிலிலிருந்து படம் எப்படி வரும்? பிரசங்கக் காகிதத்தை மறந்துவிட்டு எடுக்க வந்த போதகர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பெசமினோ, ஓடுதுல்ல? அப்புறம் என்ன?"

"வயரே இல்லாம ஓடுது போதகரய்யா!"

"விசுவாசத்துல ஓடுது போலிருக்கு. கையை எடுத்துட்டு வந்து உட்காருப்பா."

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். தொழில் தெரிந்தவன், பிடுங்கிப்போட்ட வயரோடு ஓடுகிற ஒன்றை விட்டுவிட்டு எப்படிப் போவான்? நாளைக்கு யாராவது பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? சிவப்பைச் செருகிவிட்டுக் கோயில் அலமாரிக்கு ஓடினேன். திறந்தால், எல்லாக் குட்டி விளக்கும் ஒன்றாகப் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. நீல வயரின் முனை, நான் ஒத்திகையின்போது தொங்கவிட்டிருந்த முனை, ஒரு ஓட்டைக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. பிடுங்கினேன். படம் ஓடியது. வந்து லோசா பக்கத்தில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தேன். இரண்டு பிள்ளைகள் வசனம் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் நின்றது. போனேன், நீலம் மறுபடியும் ஓட்டைக்குள். பிடுங்கினேன், வந்தேன். போனில் படம் தெலேசியாவின் கொட்டாவியோடு மறுபடியும் நின்றது. அக்கா, பிசாசு என்றே நினைத்தேன், கோயிலாக இருந்ததால்தான் ஓடாமல் நின்றேன்.

மூன்றாவது தடவை அலமாரியைத் திறக்கப் போனால், கதவு திறந்திருக்கிறது, தெலேசியாவின் பெரிய கை உள்ளே இருக்கிறது. பூவா எழுந்து நிற்கிற நேரம்.

"என்ன செய்யுற?" என்றேன்.

"தொங்குதுப்பா. நேத்தே எடுத்துச் சொருகி வச்சேன், யாரோ பிடுங்கிப் பிடுங்கிப் போடுறாங்க. நல்ல நாளும் அதுவுமா வயரு நாக்கத் தொங்கப் போட்ட மாதிரி தொங்கினா ஊரு சிரிக்காதா? ஓட்டை எதுக்கு இருக்கு? சொருகத்தானே இருக்கு? சொருகினா பாரு, வெளக்கெல்லாம் எவ்வளவு அழகா மினுக்குதுன்னு!"

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. "கைய எடு கிழவி! ஆக்லாந்து பூரா உன் கொட்டாவியப் பார்த்துக்கிட்டு இருக்கு!" என்று கத்திவிட்டேன். பேச்சாளன் குரல் அல்லவா, ஒலிபெருக்கி வேண்டியதில்லை. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தெலேசியா மெதுவாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பூவா மட்டும் நான் முடிக்கும்வரை காத்திருந்து, பொறுமையைப் பற்றிய தன் வசனத்தை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை பிசகில்லாமல் சொன்னாள். கத்திய வேகத்தில் நான் நீல வயரைப் பிடுங்க மறந்ததால் நீங்கள் கேட்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். அந்த ஒரு வருத்தத்தை மறைக்கவில்லை.

மற்றபடி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கத்தியது தப்பு என்கிறார்கள். தீப்பிடித்தால் மெதுவாகவா சொல்வார்கள்? கிழவி என்றது தப்பு என்கிறார்கள். அவள் என்னைவிட மூத்தவள், எனக்கே பல் ஆடுகிறது. சபையார், போதகர், நீங்கள், எல்லோரும் ஒரே பக்கம் நின்றாலும் சரி, நான் இந்தப் பக்கம் தனியாக நிற்பேன். சேதியைச் சுற்றிச் சுற்றி வர வைத்தது அந்தக் கை. மன்னிப்புக் கேட்க வேண்டியதும் அந்தக் கைதான். வேண்டுமானால் தெலேசியா பாயைப் போர்த்திக்கொண்டு என் வாசலில் வந்து உட்காரட்டும். நான் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நிதானமாக வந்து விலக்குவேன். அக்கா சொல்லைத் தம்பி தட்டக் கூடாது என்பது நம் மண்ணின் சட்டம், அதை நானே சபையில் எத்தனை தடவை முழங்கியிருக்கிறேன்! இந்த ஒரு தடவை தட்டுகிறேன். உங்கள் தம்பி முதுகெலும்பு உள்ளவன் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லுங்கள்.

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும் நல்ல முழங்காலையும் தரட்டும். மருமகனுக்குப் பகல் வேலை கிடைக்கட்டும். டிவி பெரியதாகட்டும். லோசா அன்பைச் சொல்லச் சொன்னாள், பூவா முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

தலைநிமிர்ந்து,
உங்கள் தம்பி பெசமினோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் லோசா இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "ஒரு முனைய மட்டும் சொருகினா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. தெலேசியா கோயில் முனையத்தானே சொருகினா? அப்ப போதகர் வீட்டு முனைய யாருங்க சொருகினது?" என்று கேட்டாள். பன்றி என்றேன். பிறகு போதகர் வீட்டுக்குப் போய்ப் பூத்துணியைத் தூக்கிப் பார்த்தேன். நீல வயர் ஓட்டைக்குள் இருக்கிறது. சிவப்போடு சேர்த்து அழகாகத் தூண்டில் நரம்பால் கட்டியிருக்கிறது. முடிச்சு என் முடிச்சு. சனிக்கிழமை சோதனைக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்த எதையோ எடுத்து எங்கேயோ செருகியது இப்போது ஞாபகம் வருகிறது. சிவப்பைப் பிடுங்கியும் படம் ஓடியது இதனால்தான், விசுவாசத்தால் அல்ல. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், "அப்படியே போகட்டும், உங்க அக்கா படிக்கணும்" என்று லோசா விடவில்லை.

ஆகவே தவிட்டா திரும்பி வரும்போது அம்மா உங்களுக்குக் கொடுத்த அந்த நல்ல பாயைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே இருப்பது என் தலையை மட்டும்தான் மறைக்கும், நான் இப்போது முன்பு போல ஒல்லி இல்லை. பூவாவும் கூட வந்து உட்காருவாளாம், விலக்கும்வரை தன் வசனத்தை எனக்குச் சொல்லித் தருவாளாம். தெலேசியா அவ்வளவு சீக்கிரம் விலக்கமாட்டாள் என்பதால் நான் அதை முழுதாகவே கற்றுக்கொண்டுவிடுவேன். அதை நேரலையில் காட்டு என்று நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். அன்றைக்கு அந்த நீல வயரை இரண்டு பக்கமும் நானே என் கையால் செருகிவைப்பேன்.