லிஃப்ட் மெக்கானிக்கும் மிதி மிக்ஸியும்

நடப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்த நிமிஷம். "சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. தினம் காலைல ஒரு மணி நேரம் நடங்க" என்றார். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? ஒருத்தரும் மாடிப்படி ஏறக்கூடாது என்று இருபது வருஷமாக உழைக்கிறவன் நான். அதுவும் காலைத் தூக்கம் எனக்கு உயிர்.

"நடக்கவே மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"நீ தலைகீழா நின்னாலும் மாட்டேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். என் வீம்பை நினைத்து எனக்கே மலைப்பாக இருந்தது.

அடுத்த வாரம் மிக்ஸி புகைந்துவிட்டது என்றாள் மனைவி. "ரிப்பேருக்குக் குடுத்துட்டேங்க. பார்ட்ஸ் வர மாசக்கணக்கா ஆகுமாம்."

"என்கிட்ட காட்டியிருக்கலாம்ல?"

"நீங்க எவ்வளவு பெரிய மோட்டாரெல்லாம் பார்க்கிறவர்! இதைப் போய் உங்ககிட்ட காட்டுவேனா?"

நியாயம்தான். ஆனாலும் என் வீட்டில் அரைக்க வழியில்லை என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? பழைய சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். பக்கத்து வீட்டுத் தையற்காரரிடம் மிஷின் பெல்ட் வாங்கி, பின்சக்கரத்தையும் மிக்ஸி ஜாரின் அடிப்பாகத்தையும் இணைத்தேன். ஏறி மிதித்தேன். ஜாருக்குள் தக்காளி கிறுகிறுவென்று ஒரு சுற்று சுற்றியது. அடுத்த நொடி தக்காளியைக் காணோம், விழுதுதான் இருந்தது. கரன்ட் இல்லை, மோட்டார் இல்லை, வெறும் என் கால்! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, என்னங்க இது!"

"பின்னே? சும்மாவா?"

அவளும் ஏறி மிதித்துப் பார்த்தாள். ஜார் அசைந்தால்தானே? "உங்க கால்ல என்னமோ இருக்குங்க" என்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் உடம்பில் ஒரு பாகத்தை அவள் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்ன? காலையில் ஒரு ஷிஃப்ட், மாலையில் ஒரு ஷிஃப்ட். "இன்னும் கொஞ்சம் நைசா வேணுங்க." "மெதுவா மிதிச்சா திப்பி திப்பியா நிக்குதுங்க." வேர்க்கடலை அரைக்கிற அன்றைக்கு நாற்பது நிமிஷம். வேர்த்து ஊற்றும்.

மூன்று மாசம் கழித்து டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பிரமாதம்! தினம் எவ்வளவு தூரம் நடக்கிறீங்க?"

"ஒரு அடிகூட இல்லை" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றவளாச்சே, பாவம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே பெல்ட் அறுந்தது. புதுசு வாங்கத் தையற்காரர் வீட்டுக்குப் போனேன். மேஜைக்கு அடியில், உடைந்த மூலையில் நான் ஒட்டிய பச்சை டேப்போடு, எங்கள் மிக்ஸி! பிளக்கைச் செருகினேன். ஜம்மென்று ஓடியது.

"உங்க வீட்டம்மாதான் பத்திரமா வெச்சிருக்கச் சொன்னாங்க" என்றார் அவர், ஊசியில் நூல் கோர்த்தபடி. "பெல்ட் எவ்வளவு நீளம் வேணும்னுகூட, நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அளந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க."

என் கண்டுபிடிப்பை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவளா! இவளோடா பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்! மிக்ஸியைத் தூக்கிவந்து சமையல் மேடையில் டொம்மென்று வைத்தேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "பயமா இருந்துச்சுங்க. நீங்க தூங்கும்போது மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். வேற வழி தெரியலை."

கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "இனிமே அந்த சைக்கிள்ல ஏறவே மாட்டேன்!"

"வேண்டாங்க. மிக்ஸிதான் வந்துடுச்சே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைலேர்ந்து காலைல அஞ்சு மணிக்கு நடக்கப் போலாம். நானும் துணைக்கு வரேன்."

புது பெல்ட்டை மாட்டி, சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன அரைக்கணும்?" என்று கேட்டேன்.