சின்னமணியருக்குக் கெமிஸ்ட்ரி

"எனக்குக் கெமிஸ்ட்ரி படிக்க விருப்பமா இரிக்கு மனே" என்றார் சின்னமணியர்.

அருள்நேசன் பேனையை மேசையில் வைத்தான். போன கிழமை இதே கதிரையில் இருந்துகொண்டு ஜெர்மன் படிக்க விருப்பம் என்றவர் இவர்தான்.

"ஏன் அண்ணை, திடீரெண்டு கெமிஸ்ட்ரி?"

"சாயத் தொழிற்சாலையில எத்தினை வருசம் நிண்டனான்! அந்தச் சாயத்துக்குள்ள என்ன கிடக்கெண்டு ஒருக்காத் தெரிஞ்சு வைக்கிறது நல்லம்தானே?"

"தொழிற்சாலை பூட்டி எவ்வளவு காலம்!"

"அதுதான் மனே, இப்ப நேரம் கிடக்கு."

டென்மார்க்கின் இக்காஸ்டில் இருந்த வளர்ந்தோர் கல்லூரியில் அருள்நேசன் படிப்பு ஆலோசகன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள், வேலை போனவர்கள், நாற்பது வயதுக்குப் பிறகு தாதியாக ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் அவனிடம் வருவார்கள். எந்த வகுப்பை முதலில் எடுப்பது, எதை முடித்தால் எந்தக் கதவு திறக்கும் என்று பார்த்துக் கொடுப்பது அவன் வேலை. அந்தப் பதவிக்கு டேனிஷில் ஒரு நீளமான பெயர் உண்டு. நம்மவர்கள் அதை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்துவிட்டு, 'வைலெடர் தம்பி' என்று சுருக்கிக்கொண்டார்கள்.

வைலெடருக்கு ஒரு விதி. இதைப் படி, அதைப் படி என்று சொல்லக் கூடாது. "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கவேண்டும். இது நம்மவர்களுக்குப் பிடிக்காத சங்கதி. "சொல்லத்தானே உமக்குச் சம்பளம் தாறாங்கள்!" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட சனத்துக்கு இப்போது திடீரென்று ஆளுக்கொரு விருப்பம் முளைத்திருந்தது.

அருள்நேசன் மணிக்கூட்டுக்குப் பிறந்தவன். ஆளுக்கு அரைமணி நேரம், ஒரு நிமிடம் கூடாது. 'உள்ளே வருமுன் தொலைபேசியை அணைக்கவும்' என்று கதவில் ஒட்டிவைத்தவனும் அவன்தான். ஆனால் அந்த மே மாதம் முழுக்க அவனுடைய தொலைபேசி மட்டும் கணினிக்குப் பக்கத்தில், முகம் மேலே பார்க்கக் கிடந்தது.

வன்னியில் இருந்த அவனுடைய றோஸ் அக்கா கடைசியாகப் பேசியது உயிர்த்த ஞாயிறுக்கு முதல். "பிள்ளையளோட பங்கருக்குள்ள இருக்கிறன். பிறகு எடுக்கிறன்" என்றாள். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. அதற்குள் போர் முடிந்துவிட்டது. கல்லூரியின் கோப்பி அறையில் வரலாற்று ஆசிரியர் ஒருவர் அவன் தோளில் தட்டி, "உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாமே, வாழ்த்துகள்!" என்றார். "நன்றி" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினான் அருள்நேசன்.

அக்காவைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை. அப்படி ஒருத்தி இருப்பதே கல்லூரியில் எவருக்கும் தெரியாது. ஜெபக் கூட்டத்தில்கூடப் பாஸ்டரிடம், "ஒரு சகோதரனின் அக்காவைப் பற்றிச் செய்தி வரவேண்டும், ஜெபியுங்கள்" என்று பெயர் ஊர் இல்லாமல்தான் கேட்டிருந்தான். அதைக் கெட்டித்தனமாக மறைத்துவிட்டதாக அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தொலைபேசிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கவேண்டும். மணி அடித்தால் உடனே எடுக்கவேண்டும். வருவது கெட்ட செய்தியென்றால், அதைக் கேட்கிற முகத்தை ஒருவரும் பார்க்கக் கூடாது.

அதற்குத்தான் ஊர் விடவில்லை.

சின்னமணியர் அரைமணி முடிந்தும் எழும்பவில்லை. அடுத்த ஆளான கிருபாமலர் அன்ரியின் தலை வாசலில் தெரிந்த பிறகுதான், ஏதோ பொறுப்பை ஒப்படைக்கிறவர்போல எழும்பினார். போகும்போது மேசையில் ஒரு டப்பாவை வைத்தார்.

"என்ன அண்ணை இது?"

"புட்டும் மீன்கறியும். வீட்டில மிஞ்சினது."

"இஞ்சை சாமான் ஒண்டும் வாங்கக் கூடாது அண்ணை. சட்டம்."

"மிஞ்சினதுக்கு என்ன மனே சட்டம்?"

கிருபாமலர் அன்ரி கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக அமர்ந்தார். கைப்பையை மடியில் வைத்தார். ஐம்பத்தைந்து வயது. பேக்கரியில் வேலை. சபையில் கோரஸ் பாடினால் கூரை அதிரும்.

"சொல்லுங்கோ அன்ரி. உங்களுக்கு என்ன விருப்பம்?"

"கப்பல்."

"என்ன?"

"கப்பல் ஓட்டுற படிப்பு. கப்டன்."

ஒருவருடைய கனவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அருள்நேசன் சிரிக்கவில்லை. "இக்காஸ்டிலை கடல் இல்லையே அன்ரி" என்று மட்டும் சொன்னான்.

"படிச்சு முடிக்கேக்கை கடல் இருக்கிற ஊருக்குப் போகலாம்தானே தம்பி. நீர் முதலிலை வழியைச் சொல்லும். ஆறுதலாச் சொல்லும், எனக்கு அவசரமில்லை."

அடுத்த நாள் காலை நிரஞ்சலா வந்தாள். மட்டக்களப்புப் பக்கம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, சீருடைக்கு மேலே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நேரே வந்திருந்தாள். "கணக்கு ரெண்டாம் படியா, மூண்டாம் படியா எண்டு கேக்க வந்தனான்" என்று சொல்லி முடிக்குமுன் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டாள். நேரமும் எடுத்துக்கொண்டு வந்து நித்திரையும் கொள்கிறாளே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் களைத்த முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது. தன் குளிர்ச்சட்டையை எடுத்துப் போர்த்திவிட்டான். வேறு நாட்களில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இப்போதெல்லாம் அந்தச் சொல் வாயில் வர மறுத்தது.

அடுத்த ஆளான கோணேசன் வந்து அவளைத் தட்டி எழுப்பினான். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை வகுப்பை வியாழனுக்கு மாற்றவேண்டும். இரண்டு நாள் கழித்து வந்தபோது வியாழனைச் செவ்வாய்க்கு மாற்றவேண்டும்.

அருள்நேசன் வரவேற்பு மேசைக்குப் போனான். அங்கே இங்கர் இருந்தாள். அறுபதை நெருங்கிய டேனிஷ்காரி. யார் எப்போது யாரைச் சந்திப்பது என்பது முழுக்க அவள் ராச்சியம்.

"இங்கர், உண்மையான விஷயம் உள்ளவர்களுக்கு மட்டும் நேரம் கொடு" என்றான்.

"அதைத்தான் நான் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேனே. விஷயம் இல்லாமல் இங்கே யாருக்கும் நேரம் இல்லை என்று" என்றாள் இங்கர், கண்ணை உயர்த்தாமல்.

அதற்குப் பிறகு விஷயங்கள் இன்னும் கனத்துப்போயின. ஒருவருக்கு விமானம் திருத்தும் படிப்பு. இன்னொருவருக்கு மிருக வைத்தியம், அதிலும் குதிரை மட்டும். அரைமணியில் முடிந்த காரியம் முக்கால் மணி பிடித்தது.

சரி, எல்லாரையும் ஒன்றாக அழைத்து ஒரே நாளில் முடித்துவிடுவோம் என்று ஒரு பின்னேரம் கூட்டம் வைத்தான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான். வந்த சனத்துக்குக் கதிரை போதவில்லை. அன்ரிமார் றோல்சும் வடையும் கொண்டுவந்தார்கள். 'உணவு கொண்டுவரக் கூடாது' என்று அவன் புதிதாக ஒட்டிய தாளைக் காட்டியபோது, கிருபாமலர் அன்ரி ஒரு பெரிய பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினார்.

"இது சாப்பாடில்லைத் தம்பி. தேத்தண்ணி."

கூட்டம் இருட்டும்வரை நடந்தது. படிப்பைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை எல்லாரும் தனித்தனியே திரும்பி வந்தார்கள். "கூட்டத்திலை எல்லாத்தையும் கேக்கேலாதுதானே."

கடைசியில் அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய் சொன்னான். காய்ச்சல் என்று இங்கருக்குச் சொல்லிவிட்டு வீட்டில் நின்றான். தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, எதிரே கதிரை போட்டு அமர்ந்தான். அமைதி. சுவர்கள் அவனைப் பார்த்தன. அக்காவின் சிரிப்பு, அக்கா தலை இழுத்துவிட்ட சீப்பு, ஒவ்வொன்றாக நினைவில் ஏறத் தொடங்கியது. இதைத்தானா இத்தனை நாளாகக் கேட்டேன் என்று நினைத்த நேரத்தில் வாசல் மணி அடித்தது.

சின்னமணியர். கையில் கொத்தமல்லித் தண்ணி.

"காய்ச்சலெண்டு இங்கர் சொன்னவ. வந்தது வந்தன், அந்த ஜெர்மனைப் பற்றியும் ஒருக்காக் கதைப்பம் மனே."

அன்றைக்குப் பொழுதுபடும்வரை ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வீட்டில் அரைமணிக் கணக்குமில்லை. அருள்நேசன் மறுநாளே வேலைக்கு ஓடிவிட்டான்.

அங்கே கல்லூரித் தலைவரான ரெக்டர் யென்ஸ் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அருள்! இந்தக் கல்லூரியில் இப்படி ஓர் ஆர்வத்தை நான் கண்டதே இல்லை. ஐம்பது வயதில் வேதியியல்! கப்பல்! நீ என்னதான் செய்கிறாய்?"

"ஒன்றும் செய்யவில்லை."

"அந்த அடக்கத்தைத்தான் சொல்கிறேன். மற்றக் கல்லூரிகளின் ரெக்டர்கள் கூடுகிற கூட்டத்தில் உன்னைப் பேசவைக்கப் போகிறேன். அதற்கு முதல், நாளைக்கு நான் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும்."

மறுநாள் ரெக்டர் மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, "நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்" என்றார். நெடிய மனிதர். இல்லையென்று நினைப்பது கடினம்.

எதிரே சின்னமணியர். அயன் பண்ணிய சேட். தனக்குத் தெரிந்த டேனிஷில் சாயத்தின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். சிவப்புச் சாயம் போகாது, நீலம் போகும், ஏன் என்று அறியவேண்டும் என்றார். ரெக்டர் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

தொலைபேசி அடித்தது.

இலங்கை எண். அருள்நேசன் அதைப் பார்த்தான். இத்தனை நாளும் முதல் மணியிலேயே எடுப்பதாக இருந்தவனுடைய கை அசையவில்லை. பயம். அப்பட்டமான பயம். அடிக்கிறவரை அக்கா இருக்கிறாள், எடுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம்.

"எடு மனே!"

சின்னமணியர் மேசையில் ஓங்கி அடித்தார். அந்த அதிர்ச்சியில் எடுத்துவிட்டான்.

இரைச்சல். யாரோ இருமுகிற சத்தம். பிறகு, "தம்பியே? அக்கா கதைக்கிறன்."

அவன் தொலைபேசியைக் காதோடு அழுத்தினான்.

"வவுனியா ஆசுப்பத்திரியிலை நிக்கிறன். ஒரு நேர்ஸ் மிஸ்ஸின்ரை போன், கனநேரம் கதைக்கேலாது. காலிலை காயம், இப்ப பரவாயில்லை. பிள்ளையள் ரெண்டும் என்னோடைதான். கேக்குதே?"

"கேக்குது அக்கா."

அந்தச் சொல் வந்துவிட்டது. அத்தானைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

"குரல் ஒரு மாதிரி இருக்கு. நீ ஒழுங்காச் சாப்பிடுறனியே?"

அருள்நேசன் மேசையைப் பார்த்தான். புட்டு டப்பா, கழுவிக் கொடுக்க வைத்திருந்த வேறு மூன்று டப்பாக்கள், பிளாஸ்க்.

"ஓம் அக்கா. நல்லாச் சாப்பிடுறன்."

தொடர்பு அறுந்தது. அவன் தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல விக்கி அழுதான். யாரும் பார்க்கக் கூடாது என்றிருந்த முகத்தை ரெக்டர் பார்த்தார். சின்னமணியர் பார்த்தார். கதவு திறந்திருந்தது. நடைபாதையில் கிருபாமலர் அன்ரி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றபடி கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் சீருடையோடு நிரஞ்சலா. அவளுக்குப் பின்னால் கோணேசன்.

அருள்நேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். என்ன இருந்தாலும் வேலை வேலைதான்.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அண்ணை. எங்கை விட்டனாங்கள்? கெமிஸ்ட்ரி."

சின்னமணியர் ஜக்கெற்றின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆள் உள்ளே வருமுன் அவர் எழும்பியது அதுதான் முதல் தடவை.

"அது வேண்டாம் மனே. இந்த வயசில மண்டைக்குள்ள ஏறாது."

"அப்ப அன்ரி, உங்கடை கப்பல்?"

"ஐயோ தம்பி, எனக்குத் தோணியிலை ஏறினாலே தலை சுத்தும்."

கோணேசனுக்குச் செவ்வாயும் வேண்டாம், வியாழனும் வேண்டாம். நிரஞ்சலா வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளப் போவதாகச் சொன்னாள். நடந்தது தமிழில் என்றாலும், ஜக்கெற்றுகள் மாட்டப்படுவது ரெக்டருக்கு விளங்கியது. கல்லூரியின் பெருமை கண்முன்னே கலைந்து போய்க்கொண்டிருந்தது.

"அருள், என்ன இது? ஏன் எல்லாரும் போகிறார்கள்?" என்று தவித்தார்.

அருள்நேசனுக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்போது இங்கர் ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டையோடு உள்ளே வந்து, அதை அவன் முன்னால் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேனிஷில் கேட்டாள்:

"அப்படியென்றால் மிச்ச நேரங்களையெல்லாம் ரத்து செய்துவிடவா, அருள்? உன் அக்காவின் அழைப்பு வரும்வரைக்கும் உன்னைத் தனியே இருக்கவிடக் கூடாது என்றுதானே இவர்கள் எல்லாரும் முறைவைத்து நேரம் எடுத்தார்கள்!"